விளக்குக்குக் கேட்ட ஓட்டு

முற்றத்தில் வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. கொடியில் போட்ட துணி போட்ட கையோடு காய்ந்துவிடும் வெயில். அந்த வெயிலில் விடுதித் தாழ்வாரத்து டியூப்லைட்டுகள் ஒன்று விடாமல் எரிந்துகொண்டிருந்தன.

"சிவனே!" என்று முதல் சுவிட்சைத் தட்டினாள் நீலாம்பிகா. அடுத்த சுவிட்சுக்கு இன்னொரு "சிவனே!" இப்படியே தாழ்வாரத்தின் கோடி வரை போய்த் திரும்பிப் பார்த்தால், முதல் விளக்கு மறுபடி எரிந்தது.

"யாருடி அது?"

ஏதோ ஒரு கதவுக்குப் பின்னால் சிரிப்பு மட்டும் கேட்டது.

தார்வாடில் அந்தப் பெண்கள் கல்லூரியில் பௌதிகம் கற்பிப்பவள் நீலாம்பிகா. விடுதிப் பொறுப்பும் அவள் தலையில்தான். காலையில் கழுத்தில் அணிந்திருக்கும் இஷ்டலிங்கத்துக்குப் பூஜை முடியாமல் பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாது. கோபம் மட்டும் பூஜைக்கு முன்பும் வரும், பின்பும் வரும். அவள் வாயில் ஓயாமல் வரும் "சிவனே" பக்தியா, எரிச்சலா என்று அந்தச் சிவனுக்கே சந்தேகம் வந்திருக்கும்.

இப்போதைய எரிச்சலுக்குக் காரணம் படிப்புக்கூடம். விடுதியில் நாலு பேருக்கு ஓர் அறை, அறைக்கு ஒரு விளக்கு. ஒருத்தி படிக்க உட்கார்ந்தால் மற்ற மூவரும் தலையணையால் முகத்தை மூடிக்கொள்ள வேண்டும். அதனால் காலியாகக் கிடந்த பழைய சாமான் அறையை நீலாம்பிகா கெஞ்சிக் கூத்தாடி வாங்கி, பெஞ்சு போட்டு, மாலையில் படிக்கத் திறந்துவிட்டிருந்தாள். மாடியில் இருக்கும் சூரியத் தகடுகள் பகலெல்லாம் பேட்டரியை நிரப்பும். தாழ்வாரம், குளியலறை, படிப்புக்கூடம் மூன்றுக்கும் அந்தப் பேட்டரிதான். பகலில் தாழ்வாரம் தின்றுவிட்டால் மாலையில் படிப்புக்கூடம் பட்டினி. போன வாரம் முழுக்க, படிப்பு முடியும் மணி அடிக்கும் முன்பே கூடம் இருண்டுபோனது.

முதல்வர் அங்கடிக்கு அது போதுமானதாக இருந்தது.

"இந்தச் சனிக்கிழமை வரைக்கும் பாக்கிறேன் மேடம். அன்னிக்கும் மணிக்கு முன்னாடி இருட்டாச்சுன்னா பூட்டிட வேண்டியதுதான். பழைய சாமானைப் போடவாவது இடம் ஆகும். நாமெல்லாம் தெருவிளக்குல படிக்கலையா?"

"நீங்க படிச்சீங்க சார். பொண்ணுங்க தெருவிளக்குக்குக் கீழ போய் உக்காந்தா, முதல்ல குச்சியை எடுத்துக்கிட்டு வர்றது நீங்கதான்."

அவர் சிரித்துக்கொண்டே வெளியே போனார். அவருடைய காலி நாற்காலிக்கு மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. மேஜைக்கு மேலே இரண்டு விளக்குகள். நீலாம்பிகா பல்லைக் கடித்தாள். முதல்வர் அறைச் சுவிட்சில் கைவைக்க அவளுக்குத் துணிவு வரவில்லை.

சரி, ஒவ்வொரு சுவிட்சுக்கும் மேலே ஒரு வாசகம் ஒட்டிவிடலாம் என்று முடிவு செய்தாள். வம்பு அங்கேதான் பிறந்தது.

அது நவம்பர் மாதம், கர்நாடகம் பிறந்த நாளைக் கொண்டாடும் ராஜ்யோத்ஸவ மாதம். இந்த மாதம் கல்லூரிச் சுவரில் இங்கிலீஷ் வார்த்தை ஒன்றுகூடத் தலைகாட்டக் கூடாது என்பது அங்கடியின் உத்தரவு. மற்ற மாதமாக இருந்தால் ஊரே சொல்கிறபடி "லைட் ஆஃப் மாடி", லைட்டை ஆஃப் பண்ணுங்கள், என்று எழுதிவிட்டுப் போயிருப்பாள். இந்த மாதம் சுத்தக் கன்னடத்தில், தன் அழகான கையெழுத்தில், "தீப ஆரிஸி" என்று எழுதினாள். விளக்கை அணையுங்கள் என்று அர்த்தம். எல்லாச் சுவிட்சுக்கும் மேலே பசை தடவி ஒட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்கினாள்.

ஆரிஸி என்றால் அணையுங்கள். ஆரிஸி என்றால் தேர்ந்தெடுங்கள் என்றும்தான். இது தெரியாத கன்னடக்காரர் கிடையாது. ஆனால் வேண்டிய நேரத்தில் அது அவளுக்கு ஞாபகம் வரவில்லை. அடுத்த திங்கட்கிழமை விடுதிச் செயலாளர் தேர்தல். போட்டியிடும் இரண்டு பேரில் ஒருத்தியின் பெயர் தீபா.

யாரோ ஒரு புண்ணியவதி எல்லாச் சீட்டிலும் பேனாவால் ஒரு கால் சேர்த்திருந்தாள். விடிந்து பார்த்தால் விடுதி முழுக்க, குளியலறை உட்பட, "தீபா ஆரிஸி."

எதிர்வேட்பாளர் ரத்னமாலா பத்துப் பேரைக் கூட்டிக்கொண்டு வந்து நின்றாள். கடைசி வருடம் படிப்பவள். வாய் நீளம், மனசில் ஒன்றும் வைத்துக்கொள்ளத் தெரியாதவள்.

"மேடம், ஒரு சின்ன சந்தேகம். குளிக்கிற இடத்துலயுமா பிரசாரம்?"

"என்னடி பிரசாரம்?"

"கையெழுத்து உங்களோடதுதானே? தீபாவைத் தேர்ந்தெடுங்கன்னு ஒட்டியிருக்கீங்க. வாத்தியாரே ஓட்டுக் கேட்டா எங்க கதி என்ன?"

"அது விளக்குடி! விளக்கு!"

"விளக்கா இருந்தா நான் ஏன் வர்றேன் மேடம்? விளக்கா எனக்குப் போட்டியா நிக்குது?"

பின்னால் நின்ற பத்துப் பேரும் கொல்லென்று சிரித்தார்கள். கூட்டத்துக்கு வெளியே, தூணோடு தூணாக ஒட்டிக்கொண்டு தீபா நின்றிருந்தாள். நவலகுந்து பக்கத்துக் கிராமத்துப் பெண். தன் நோட்டில் பெயர் எழுதக்கூட இரண்டு தரம் யோசிப்பவள். தோழிகள் தள்ளிவிட்டதால் தேர்தலில் நிற்கிறாள்.

"மேடம், சாமி சத்தியமா கால் போட்டது நான் இல்ல."

"தெரியும், போ. அந்தத் துணிச்சல் இருந்தா நீ இந்நேரம் ஜெயிச்சிருப்ப."

அந்த நாளிலிருந்து சுவிட்சுகள் எல்லாம் கட்சி சேர்ந்துகொண்டன. விளக்கை அணைத்தால் தீபாவுக்கு ஓட்டு. எரியவிட்டால் ரத்னமாலாவுக்கு ஓட்டு. ரத்னமாலா கட்சி உச்சிவெயிலிலும் தாழ்வாரத்தைக் கல்யாண மண்டபமாக்கியது. தீபா கட்சி ஆள் இருக்கிற இடம், இல்லாத இடம் பார்க்காமல் அணைத்தது.

குளியலறையிலிருந்து அலறல் வரும்: "ஏ! சோப்பு கண்ணுல இருக்கு! லைட்டை அணைச்சது எவ?"

வெளியிலிருந்து பதில் வரும்: "ஓட்டுப் போட்டேன்கா!"

நீலாம்பிகா எல்லாச் சீட்டையும் கிழித்தாள். யோசித்து யோசித்து வேறு எழுதினாள். வீட்டில் சாமி விளக்கை அணை என்று யாரும் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். "தொட்டது மாடு", பெரிசு பண்ணு, என்பார்கள். மங்கலமான சொல். யாரும் குறை சொல்ல முடியாது. "தீப தொட்டது மாடி" என்று எழுதி ஒட்டினாள். பசை காயும் முன்பே ரத்னமாலா வந்துவிட்டாள்.

"முதல்ல தீபாவைத் தேர்ந்தெடுக்கச் சொன்னீங்க. இப்போ பெரிய ஆளாவே ஆக்கணுமா மேடம்?"

"சிவனே" என்று தலையில் கைவைத்துக்கொண்டு அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள் நீலாம்பிகா. திட்டினாள். கெஞ்சினாள். பேட்டரி எப்படி வேலை செய்கிறது என்று சுவரில் படம் போட்டு விளக்கினாள். எல்லாரும் பணிவாகக் கேட்டுக்கொண்டார்கள். அவள் தலை மறைந்ததும் மறுபடி சுவிட்சுகளின் சண்டை.

வியாழக்கிழமை அந்தி மயங்கும்போதே படிப்புக்கூடம் அணைந்தது. "அய்யோ" என்று ஒரே முனகல். பெஞ்சுகள் நகரும் சத்தம். ஒவ்வொருத்தியாகப் புத்தகத்தை மூடிக்கொண்டு வெளியேறினார்கள். கூடத்தைப் பூட்டப் போன நீலாம்பிகா, இந்தத் தடவை ரத்னமாலாவை நிற்கவைத்து என்னென்ன கேட்பது என்று வாய்க்குள் ஒரு பாராயணமே நடத்திக்கொண்டு போனாள்.

வாசலில் கால் நின்றது. உள்ளே ஒரே ஒருத்தி மட்டும் இருந்தாள். ரத்னமாலாதான். சன்னலோரமாக, மிச்சமிருக்கிற வெளிச்சத்தில் புத்தகத்தைக் கண்ணருகே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். போன தடவை புள்ளியியலில் தோற்றவள். சனிக்கிழமை காலை மறுதேர்வு. கொண்டாட்டமாக விளக்கை எரியவிட்டபோது இந்தக் கணக்கை மட்டும் அவள் போட்டுப் பார்க்கவில்லை.

பக்கவாட்டுக் கதவு வழியாகத் தீபா வந்தாள். கையில் சார்ஜ் லைட். ஊரில் கரண்டு போகும்போது வைத்துக்கொள்கிற சின்ன விளக்கு. அதை ரத்னமாலாவின் புத்தகத்துக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"என்னடி இது, லஞ்சமா?"

"லைட்டு அக்கா."

"உன் பேருதான் விளக்குன்னு ஊரே சிரிக்குது. கையில வேற கொண்டு வர்றியா?"

"படி அக்கா. நாளன்னிக்கு உனக்குப் பரீட்சை."

"உனக்குப் படிக்க வேண்டாமா?"

"வேணும். அதான், கொஞ்சம் தள்ளி உக்காரு."

பெஞ்சு தரையில் உரசியது. ரத்னமாலா நகர்ந்து இடம் விட்டிருந்தாள்.

நீலாம்பிகா பூட்டைக் கையிலேயே வைத்துக்கொண்டு சத்தமில்லாமல் திரும்பினாள். மாலைப் பூஜையில் அன்று அவள் சிவனிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்க வாயெடுத்தபோதெல்லாம் அந்தப் பெஞ்சு உரசும் சத்தம் குறுக்கே வந்தது.

வெள்ளிக்கிழமை காலை தாழ்வாரத்தில் ஒரே கூச்சல். "தீப ஆரிஸி! தீப ஆரிஸி!" மறுபடியுமா என்று செருப்புக்கூடப் போடாமல் ஓடினாள் நீலாம்பிகா. ஒவ்வொரு கதவாகத் தட்டிக்கொண்டு போனவள் ரத்னமாலாவேதான்.

"ஏ கமலி, தீப ஆரிஸி! வெயில் மூஞ்சில அடிக்குது, தாழ்வாரத்துல எதுக்குடி லைட்டு?"

"அக்கா, பைத்தியமா உனக்கு? திங்கக்கிழமை ஓட்டு! நீயே அவளுக்குக் கேக்கறியா?"

"ஓட்டு கிடக்கு. கூடத்தைப் பூட்டினா எங்க உக்காந்து படிப்ப? என் தலைமேலயா?"

நீலாம்பிகா அவள் தோளைப் பிடித்தாள். "தீபா சொல்லச் சொன்னாளா?"

"அவ சொன்னா எங்க பக்கத்துல எவ கேப்பா மேடம்? இது என் வாயிலேருந்து வந்தாத்தான் நடக்கும். அவ பக்கம் அவ பேசிட்டிருக்கா, குளிக்கிறவங்க தலையில இருட்டைக் கொட்டாதீங்கன்னு." மூச்சு வாங்கிக்கொண்டாள். "சொல்றதுக்கு நாக்கு கசக்குதுதான். வேற வார்த்தை இருந்தாக் குடுங்க."

"லைட் ஆஃப்புன்னு சொல்லேன்."

"ராஜ்யோத்ஸவ மாசம் மேடம்" என்று கண்ணடித்துவிட்டு அடுத்த கதவைத் தட்டப் போய்விட்டாள்.

சனிக்கிழமை மாலை அங்கடி வந்தார். கையில் புதுப் பூட்டு. படிப்புக்கூடத்தில் பெஞ்சுகளை எல்லாம் நடுவுக்கு இழுத்துப் போட்டு, தலைக்குமேல் இரண்டே விளக்குகளை எரியவிட்டு, மற்றவற்றை அணைத்திருந்தார்கள். மறுதேர்வு காலையிலேயே முடிந்திருந்தும் ரத்னமாலா வந்து உட்கார்ந்திருந்தாள். தோளோடு தோள் இடித்துக்கொண்டு படித்தார்கள். அங்கடி கதவோரம் நின்றார், உட்கார்ந்தார், கைக்கடிகாரத்தைப் பார்த்தார். விளக்கு கண் சிமிட்டக்கூட இல்லை. மணி அடித்தது. அப்போதும் எரிந்துகொண்டிருந்தது.

"ம்" என்று பூட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். பிறகு ஏதோ காகிதம் எடுக்கப் பக்கத்திலிருந்த தன் அறைக்குப் போனார். நாற்காலி ஒன்று தடாலென்று விழும் சத்தம் கேட்டது.

"யாரது என் ரூம் லைட்டை அணைச்சது?"

ரத்னமாலா எழுந்து நின்று பணிவாகச் சொன்னாள்: "தீப ஆரிஸிட்டோம் சார். உள்ள யாரும் இல்ல, ஃபேனு மட்டும் தனியாச் சுத்திட்டிருந்தது."

அங்கடி முழங்காலைத் தடவிக்கொண்டு வந்தார். "எனக்கு ஓட்டுக்கூடக் கிடையாதேம்மா."

"பரவாயில்ல சார். சுவிட்சு போதும்."

நீலாம்பிகா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பினாள்.

திங்கட்கிழமை தேர்தல் நடந்தது. சொற்ப ஓட்டில் தீபா ஜெயித்தாள். முதல் வருடப் பெண்களில் பாதிப் பேர், அக்காவே கதவைத் தட்டிச் சொன்னாளே என்று, சொன்ன சொல் தப்பாமல் ஓட்டைப் போட்டிருந்தார்கள்.

கொண்டாட்டச் சத்தத்தைத் தாண்டி நீலாம்பிகா படிப்புக்கூடத்துக்குப் போனாள். நினைத்தபடியே ரத்னமாலா அங்கே இருந்தாள். பக்கத்தில் ஒரு காகிதப் பொட்டலத்தில் காரப் பொரி, அந்த ஊர் கிர்மிட். தீபா வாங்கிக் கொடுத்ததாம்.

"வருத்தமாடி?"

"இல்லைன்னு சொன்னா நம்புவீங்களா மேடம்?" ஒரு கை கிர்மிட்டை அள்ளி வாயில் போட்டுக்கொண்டாள். "என் வாயாலயே நான் தோத்தேன். எங்க வீட்ல சொன்னா சிரிப்பாங்க." மென்று விழுங்கிய பிறகு பொட்டலத்தை நீலாம்பிகா பக்கம் தள்ளினாள். "எடுத்துக்கங்க. காரம் ஜாஸ்தி."

ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டும் என்று நீலாம்பிகா வார்த்தை தேடினாள். இந்த மாதம் அவளுக்கும் வார்த்தைகளுக்கும் ஒத்துப்போகவில்லை. பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு வாய் கிர்மிட் எடுத்துக்கொண்டாள். நிஜமாகவே காரம்.

திரும்பி வரும்போது வெயில் இன்னும் தாழ்வாரத்தில் நீண்டு கிடந்தது. கோடியில் ஒரே ஒரு டியூப்லைட் வேலையில்லாமல் எரிந்துகொண்டிருந்தது.

"சிவனே!" என்று அவள் அடியெடுத்து வைப்பதற்குள், கோடி அறையிலிருந்து, மருதாணி போட்டு இன்னும் காயாத ஒரு கை வெளியே நீண்டு, முழங்கையால் சுவிட்சைத் தட்டிவிட்டு உள்ளே போய்விட்டது.

யார் என்று அவள் பார்க்கவில்லை. "சிவனே" என்று இன்னொரு தரம் சொன்னாள். இந்தத் தடவை அதில் எரிச்சல் பாதிதான் இருந்தது.