ஹட்டன் ஸ்டேஷனில் பிடித்த சத்தம்

கண்காட்சி என்றால் படங்களைச் சுவரில் மாட்டிவிட்டு வாசலில் நின்று கும்பிடு போடுவது என்றுதான் ஹட்டன் டவுனில் எல்லோரும் நினைத்திருந்தார்கள். சித்திர வாத்தியார் அழகுமுத்து அந்த நினைப்பைத் தலைகீழாக்கினான். மாதா கோவில் ஹோலுக்குள், தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் ஒரு லயத்துக் காம்பராவையே கட்டி வைத்துவிட்டான். பழைய தகரம், சாக்கு, கரி பிடித்த அடுப்பு, ஆணியில் தொங்கும் கம்பளி, மூலையில் தேயிலைக் கொழுந்துக் கூடை. அடுப்புக்கு மேலே இழுத்துக் கட்டிய வெள்ளை வேட்டியில் ஸ்லைட் படங்கள் மாறி மாறி விழும். கூடைக்குள் ஒளித்து வைத்த டேப் ரெக்கோடர் பாடிக்கொண்டிருக்கும். பாடும் என்று ஒரு பேச்சுக்குச் சொல்வதுதான், அது ஒப்பாரி.

பார்க்க வந்தவர்களை உலுக்கியது அந்த ஒப்பாரிதான். தகரமும் அடுப்பும் யார் வீட்டில் இல்லை? படங்களும் ஊரறிந்த பனியும் மலையும்தான். ஆனால் கூடைக்குள்ளிருந்து அந்தக் குரல் கிளம்பியதும் கதை பேசிக்கொண்டு வந்தவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள். கொழும்பிலிருந்து பத்திரிகைக்காரர்கள் வேறு வருவதாக இருந்தது. அழகுமுத்துவுக்குக் கால் தரையில் பாவவில்லை.

அந்தக் குரல் அவனுடைய அம்மா நாகலெட்சுமியுடையது. இதை அவன் யாரிடமும் சொல்லவில்லை. ஸ்லைட் மெஷினும் டேப்பும் கொடுத்து உதவிய கூட்டாளி றோலண்டிடம்கூடச் சொல்லவில்லை.

பஞ்ச வருஷம் முடிந்த கையோடு பிடித்த சத்தம் அது. இரண்டு அரசாங்கங்கள் உட்கார்ந்து தோட்டத்து ஆட்களைப் பங்கு பிரித்துக்கொண்டதில், அழகுமுத்துவின் அக்கா பூரணி இந்தியாவின் பங்குக்குப் போனாள். அவள் புருஷன் பழனியாண்டிக்கு அந்த நாட்டுக் குடியுரிமைப் பத்திரம் வந்துவிட்டது. புருஷன் போகிற இடத்துக்குப் பெண்டாட்டியும் போகத்தானே வேண்டும். அவர்களை வழியனுப்ப ஹட்டன் ஸ்டேஷனுக்குத் தோட்டமே திரண்டு வந்தது. ரயில் கிளம்புகிற நேரத்தில் பெண்கள் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு, செத்தவர்களுக்குப் பாடுவதுபோல உயிரோடிருப்பவர்களுக்கு ஒப்பாரி வைத்தார்கள். போனவர்கள் திரும்பி வந்ததை யாரும் பார்த்ததில்லை, அதனால் அதை யாரும் தப்பாக நினைக்கவில்லை. அழகுமுத்து அப்போது இளந்தாரி. றோலண்டின் டேப் ரெக்கோடரை இரவல் வாங்கி வந்து, கூட்டத்துக்குள் நின்று எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டான்.

அதற்குப் பிறகு பூரணியிடமிருந்து, அந்தக் கரையில் இறங்கியதும் மண்டபம் முகாமில் போட்ட ஒரே ஒரு கடிதம் வந்தது. சுகமாக வந்து சேர்ந்தோம் என்று இருந்தது. அப்புறம் வருஷக்கணக்காக ஒரு தகவலும் இல்லை. நாகலெட்சுமி அந்தக் கடிதத்தை வைத்தே காலத்தை ஓட்டினாள். மகளைப் பற்றி யார் கேட்டாலும், அவள் சந்தோஷமாகத்தான் புருஷனோடு போனாள், எங்கே இருந்தாலும் நன்றாகத்தான் இருப்பாள் என்பாள்.

அழகுமுத்துவுக்கு அந்த நிம்மதி இல்லை. வாத்தியார் வேலை கிடைத்து ஹட்டனில் அறை எடுத்த பிறகு ஒரு நாள் டேப்பைக் காதோடு வைத்துக் கேட்டான். அம்மாவின் குரலுக்கு அடியில் இன்னொரு குரல் இருந்தது. திரும்பத் திரும்ப ஓடவிட்டுக் கேட்டான். சந்தேகமே இல்லை, அக்காதான்.

"அம்மா, நான் போகல. என்னைய எறக்கிக்கம்மா."

அம்மா இதைக் கேட்கவில்லை, அழுகிற சத்தத்தில் அவள் காதில் விழவில்லை என்று அவன் முடிவுகட்டினான். இது தெரிந்தால் அவள் உடைந்துபோவாள். அதனால் டேப்பைப் பெட்டிக்குள் அடியில் போட்டுப் பூட்டினான். அதுவரை நல்ல பிள்ளைதான். கண்காட்சி என்று ஒன்று வந்ததும் புத்தி மாறிவிட்டது. அந்த டேப் இல்லாவிட்டால் காம்பரா வெறும் தட்டுமுட்டுச் சாமான் என்பது அவனுக்குத் தெரியும். மஸ்கெலியாத் தோட்டத்தை விட்டு அம்மா எங்கே வரப்போகிறாள் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டான். வேலை நாளாகப் பார்த்துத் தொடக்கவிழா வைத்தான். அக்காவின் படம் ஒன்றுகூட வேட்டியில் விழாமல் பார்த்துக்கொண்டான். போதாக்குறைக்கு, அடியில் கிடந்த அந்தக் குரல் கொஞ்சம் தூக்கலாகக் கேட்கும்படி டேப்பின் திருகுகளையும் திருகி வைத்தான். கலைஞன் ஆயிற்றே.

கெடுத்தவன் றோலண்ட். நல்ல எண்ணத்தில்தான் கெடுத்தான். பெற்றவள் பார்க்காமல் மகனுக்கு என்ன பெருமை என்று, யாருக்கும் சொல்லாமல் மஸ்கெலியாவுக்குப் போய், வேலை வாங்கும் கண்டாக்கிடம் லீவு கேட்டு, நாகலெட்சுமியை பஸ்ஸில் ஏற்றிக் கூட்டி வந்துவிட்டான்.

அம்மா வாசலில் வந்து நின்றதை அழகுமுத்து கண்டான். பச்சைச் சேலை உடுத்தி, தலையை எண்ணெய் வைத்து வாரி, கல்யாண வீட்டுக்கு வருவதுபோல வந்திருந்தாள். அவன் ஓடிப்போய், உள்ளே ஒரே கூட்டம், முதலில் தேத்தண்ணி குடிக்கலாம் என்று கையைப் பிடித்தான். தேத்தண்ணி எங்கே ஓடிப்போகிறது என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே நடந்தாள். டேப் அப்போது ஓடிக்கொண்டிருந்தது.

அவள் காம்பராவைப் பார்த்துச் சிரித்தாள். அடுப்பை யாரோ இடது பக்கம் போட்டிருக்கிறார்கள் என்று றோலண்டைக் கேலி செய்தாள். கம்பளியைத் தொட்டு, இது நம்முடையதல்லவா, போன மாரியில் காணாமல் போனதே என்றாள். கூடைக்குள்ளிருந்து அந்த அடி வந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

"தாங்கித் தலைவாரத் தாயிருக்க மாட்டேனே,
ஏங்கி நீ அழுதாலும் எங்காது கேக்காதே..."

ஒப்பாரி ஒவ்வொருத்தி வாயிலும் வேறாக இருக்கும். தன் வாயில் பிறந்த அடி எது என்று பெண்களுக்குத் தெரியும். நாகலெட்சுமி கூடையருகே குந்திக்கொண்டாள். அழகுமுத்து பாய்ந்து டேப்பை நிறுத்தப் போனான். அவள் அவன் கையைத் தட்டிவிட்டாள். கொழுந்து பறித்துக் காய்த்த கை, சுளீரென்று விழுந்தது.

அந்த இடம் வந்தது. அவன் திருகி வைத்திருந்த திருகு நன்றாகவே வேலை செய்தது. என்னைய எறக்கிக்கம்மா என்று பூரணி சொன்னது காம்பராவுக்குள் தெளிவாகக் கேட்டது. பின்னால் ரயில் ஊதியது. பிறகு வெறும் இரைச்சல். டேப் முடிந்தது.

பார்க்க வந்தவர்களை றோலண்ட் வெளியே கூட்டிக்கொண்டு போனான். அழகுமுத்துவுக்கு அழுகை முட்டியது. அம்மாவின் பக்கத்தில் குந்தி, ஒனக்குத் தெரியக்கூடாதுன்னுதாம்மா இத்தன வருஷமா மறைச்சேன் என்றான். உன் மேல் தப்பே இல்லை, அத்தனை சத்தத்தில் யாருக்குத்தான் கேட்டிருக்கும் என்று ஆறுதல் சொன்னான்.

நாகலெட்சுமி அவனைப் பார்க்கவில்லை. அணைந்து கிடந்த அந்தப் பொய் அடுப்பைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"கேட்டுச்சுடா. அன்னிக்கே கேட்டுச்சு."

அவனுக்கு விளங்கவில்லை.

"அவ கேட்டதுக்குப் பொறவுதான் நான் சத்தத்தக் கூட்டுனேன். பக்கத்துல இருந்தவளுகளயும் இழுத்துவச்சு அழவச்சேன். அவ பேசுறது யாரு காதுலயும் விழக்கூடாதுன்னு. விழுந்திருந்தா ஆம்பளைக எறக்கியிருப்பாங்க."

"ஏம்மா?"

"எறக்கி என்னத்தக் குடுக்குறது? தோட்டத்துச் செக்ரோல்ல அவ பேர வெட்டியாச்சு, இனி வேலயும் இல்ல. அதுக்கு முந்துன வருஷந்தான் ஒந்தம்பி அழகன் தவிட்டு ரொட்டியத் தின்னுட்டு வயித்தாலயே போனான். அவனப் பொதச்ச கையி. அவளாச்சும் எங்கிட்டாச்சும் போயி ஒரு வாய்ச் சோறு திங்கட்டும்னு நெனச்சேன்." அடுப்பின் கரியை விரலால் தொட்டுப் பார்த்தாள். "தின்னாளா இல்லையான்னு இன்ன வரைக்கும் தெரியல."

அழகுமுத்துவுக்குத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது. அம்மாவைக் காப்பாற்றுவதாக நினைத்து அவன் ஒளித்தது, அவள் தினமும் மலையேறும்போது சுமந்துகொண்டு போனதைத்தான். அதையே எடுத்து, ஊர் கூட்டி, திருகு திருகிக் காட்டியிருக்கிறான். இப்போதே டேப்பை எடுத்துவிடுகிறேன் என்று கூடைக்குள் கையை விட்டான்.

"எடுக்காத" என்றாள் நாகலெட்சுமி. "நம்ம ஆளுக போனத ஊரு கேக்கட்டும். அவ கேட்டத மட்டும் யாரும் கேக்க வேணாம்."

வெளியே கார் வந்து நின்ற சத்தம் கேட்டது. கொழும்புப் பத்திரிகைக்காரர்கள் வந்துவிட்டார்கள் என்று றோலண்ட் எட்டிப் பார்த்துச் சொன்னான். அழகுமுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டான். என்ன செய்வதென்று தெரியாமல் அம்மாவைப் பார்த்தான். அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கூடைக்குப் பக்கத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்தாள். போடு என்று தலையை அசைத்தாள்.

அவன் டேப்பை முதலிலிருந்து மறுபடி போட்டான். ஸ்டேஷன் கூட்டம் இரைந்தது. பழைய குரல் ஒவ்வொரு அடியாக வந்தது. காது கேக்காதே என்ற அடி வந்ததும் நாகலெட்சுமி நெஞ்சில் அறைந்துகொண்டு, அன்றைக்கு ஸ்டேஷனில் எடுத்த அதே உயரத்துக்குக் குரலை எடுத்தாள். வாசலில் பார்த்துக்கொண்டு நின்ற தோட்டத்துப் பெண்கள் இரண்டு பேருக்கு அதற்கு மேல் சும்மா நிற்க முடியவில்லை. உள்ளே வந்து, அவள் தோளில் கை போட்டுக் குந்தி, கூடச் சேர்ந்துகொண்டார்கள்.

வந்தவர்கள் அதுவும் கண்காட்சியில் ஒரு பகுதி என்று நினைத்துக்கொண்டார்கள். ஒருவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இதை யார் யோசித்தது என்று இன்னொருவர் றோலண்டிடம் மெல்லக் கேட்டார்.

அழகுமுத்து கூடைப் பக்கம் காதைச் சாய்த்து நின்றான். அக்காவின் குரல் எந்த இடத்தில் வரும் என்று அவனுக்கு மனப்பாடம். ரயில் ஊதியது. அவனுக்கும் அந்தக் குரல் கேட்கவில்லை.