அறுநூற்று நாற்பது இதழ்கள்

நூலகத்தின் முன்கூடத்துச் சுவர் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்ப்பதற்கு நூலகக் குழுவினர் அன்று காலை பதினொரு மணிக்கு வருவதாக இருந்தது. செய்யாவிட்டால், அதன்மேல் அறிவிப்புப் பலகையை அடித்துவிடுவது என்று முடிவாகியிருந்தது. பச்சைத் துணி போர்த்திய அந்தப் பலகை, திருகாணிப் பொட்டலத்தோடு கூடத்து மூலையில் சாய்ந்து நின்றது. சுவரை வடிவமைத்தவள் அந்தப் பக்கம் திரும்பாமலே வேலை செய்தாள். அந்தச் சுவர் அவளுடைய ஓராண்டு உழைப்பு.

அவள் கணினியில் வரைந்த வளைவுகளை, வெட்டு இயந்திரம் பிளைவுட்டில் அறுநூற்று நாற்பது இதழ்களாக அறுத்துக் கொடுத்திருந்தது. ஒவ்வோர் இதழும் உள்ளங்கை அகலம். ஒன்றைப்போல் மற்றொன்று இராது. ஒவ்வொன்றின் முதுகிலும் ஒரு சிறு மோட்டார். சுவரின் நடுவே, எதிரில் இருப்பது எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்று அளக்கும் கேமரா ஒன்று பதிந்திருந்தது. யாரேனும் வந்து நின்றால் அவருடைய உருவத்துக்கு நேரான இதழ்கள் மட்டும் திறந்து, பின்னாலிருக்கும் விளக்கொளி வெளியே வரும். அவர் கையை உயர்த்தினால் ஒளியும் கையை உயர்த்தும்.

திறந்த முதல் வாரம் ஊரே வந்து கையை உயர்த்திப் பார்த்தது. இரண்டாம் வாரத்திலிருந்து சுவரின் நடுவில் ஓட்டை விழுந்தாற்போல் ஒரு பகுதி திறக்க மறுத்தது. மாலையில் எல்லாவற்றையும் அணைத்துப் போட்டால் சரியாகிவிடும். மறுநாள் காலையில் வந்து பார்த்தால் பழைய குருடி கதவைத் திறக்கவே மாட்டாள்.

நிரல் எழுதியவன் அவளுடைய கணவனின் தம்பி. எடுத்த வேலையை முடிக்க நாள்கணக்கில் இழுப்பவன் ஆதலால், வீட்டில் அவனுக்கு ‘மின்னல்’ என்று பெயர். அவன் சுவரை ஒட்டி நின்று கையை ஆட்டினான். இதழ்கள் படபடவென்று திறந்தன.

“பாருங்க அண்ணி, நல்லாத்தானே வேலை செய்யுது? எங்கயோ ஒயர் லூசா இருக்கு.”

“பத்து நாளா இதையேதான் சொல்ற. நாப்பது மோட்டார் மாத்தியாச்சு. கிட்டப் போய்க் கைய ஆட்டுனா தொறக்குது. வர்ற ஜனங்க தள்ளி நின்னா தொறக்கல. இன்னைக்கு நீயும் தள்ளி நில்லு.”

“எவ்வளவு தள்ளி?”

“நான் நிறுத்துன்னு சொல்ற வரைக்கும். உன் வேகத்துக்கு மத்தியானம் ஆயிடும், சீக்கிரம் நட!”

மணி பத்தரை. நாலடி தள்ளி அவன் இப்படியும் அப்படியுமாக நடந்தான். இடையிடையே குதிக்கவும் செய்தான். திறக்காத இதழ் ஒவ்வொன்றிலும் அவள் ஒரு மஞ்சள் தாளை ஒட்டிக்கொண்டே வந்தாள். ஒட்டி முடித்துப் பின்னால் வந்து பார்த்தாள். மஞ்சள் தாள்களில் தலை இருந்தது, தோள் இருந்தது, நன்றாகத் தள்ளிய தொந்தியும் இருந்தது. வலக்கை மேலே தூக்கியிருந்தது.

“இது ஒயர் இல்லடா. இது ஒரு ஆளு.”

மின்னல் தலையில் கைவைத்துக்கொண்டான். சுவிட்சைப் போட்டவுடன் கேமரா காலிக்கூடத்தை ஒரு தடவை அளந்து வைத்துக்கொள்ளும். அந்த நேரத்தில் எது இருந்தாலும் அதை மேசை நாற்காலி என்று எண்ணி, அதற்கு அப்பால் யார் வந்தாலும் கண்டுகொள்ளாது. அதை எழுதியவன் அவனே. காலையில் கூடத்தில் யார் இருக்கப்போகிறார்கள் என்று அவன் நினைத்திருந்தான்.

காலையில் சுவிட்ச் போடுபவர் காவலாளி. அவள் வாசலுக்கு ஓடினாள்.

“அண்ணே, காலையில சுவிட்சு போட்டதும் என்ன பண்ணுவீங்க?”

காவலாளி நெளிந்தார். “தப்பா நெனைக்காதம்மா. போட்டுட்டு ஓடிவந்து அதுக்கு முன்னாடி கையத் தூக்கிட்டு ஆடாம அசையாம நிப்பேன். மொத வாரம் கூட்டத்துல எடமே கெடைக்கல, அதான் அப்புறம் கூட்டம் வர்றதுக்குள்ள நாமளும் பாத்துடலாம்னு. சின்னப் புள்ளைங்களுக்கெல்லாம் தொறக்குது, எனக்கு மட்டும் ஒருநாளும் தொறக்கல. நான் என்னம்மா பாவம் பண்ணேன்?”

“நீங்க ஒரு பாவமும் பண்ணல அண்ணே. அது உங்களைப் பீரோன்னு நெனச்சுக்கிச்சு.”

அணைத்துப் போட இரண்டு நிமிடம் வேண்டும். அதுவரை கூடத்தில் ஓர் ஈ காக்கைகூட இருக்கலாகாது. அவள் மஞ்சள் தாள்களைப் பிய்த்தெடுத்துக்கொண்டு கூடத்தை விட்டு வெளியேறினாள், சுவிட்ச் இருக்கும் பக்கத்து அறைக்கு மின்னல் பிறந்ததிலிருந்து முதன்முறையாக ஓடினான். அந்த நேரம் பார்த்து, சொன்ன மணிக்குக் கால்மணி முன்னதாகவே குழுத்தலைவர் இருவருடன் படியேறி வந்தார். காவலாளி கதவைச் சாத்திக் குறுக்கே நின்றார்.

“நான் யாருன்னு தெரியுதா?”

“நல்லாவே தெரியுதுங்க ஐயா. அதனாலதான் விடல. இப்ப உள்ள போனீங்கன்னா உங்களையும் பீரோன்னு எழுதி வச்சுக்கும். எனக்கு ஆன கதி உங்களுக்கு வேணாம்.”

குழுத்தலைவர் முறைத்தார், ஆனால் நின்றார். பக்கத்து அறையிலிருந்து மின்னலின் குரல் வந்ததும் கதவு திறந்தது. தலைவர் நாலடி தள்ளி நின்று, கோப்பைக் கக்கத்தில் இடுக்கியவாறு கையை உயர்த்தினார். அவர் உருவத்துக்கு நேரான இதழ்கள் ஒன்றுகூட மிச்சமில்லாமல் திறந்தன. இடுக்கிய கோப்பும் ஒளியில் தெரிந்தது. அவர் இன்னொரு கையையும் உயர்த்தினார். கோப்பு கீழே விழுந்தது. அதைப் பற்றி அவர் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

“பலகையை உள் தாழ்வாரத்துல மாட்டிக்கலாம்” என்று சொல்லிக் கையெழுத்திட்டுவிட்டுப் போனார்.

அவள் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தாள். “இன்னைக்கே அந்தக் காலிக்கூட அளவை நிரந்தரமா எழுதி வச்சிடறேன் அண்ணி” என்றான் மின்னல்.

“இன்னைக்கேன்னா, எந்த வருஷம்?”

கூடம் காலியானதும் காவலாளி சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு சுவருக்கு எதிரே வந்து நின்றார். வலக்கையைத் தூக்கினார். தொந்தியும் கையுமாக அவர் அளவுக்கு ஒளி திறந்தது. கையை ஆட்டிப் பார்த்தார், ஒளியும் ஆட்டியது.

“கொஞ்சம் இளைக்கணும்போல” என்று சொல்லிவிட்டு, பலகையின் ஒரு முனையைப் பிடித்தார். “தம்பி, அந்தப் பக்கம் ஒரு கை கொடு.”