ஏட்டய்யா பரீட்சை

பயிற்சியில் தேறாத போலீஸ்காரனுக்குப் பதவி உயர்வு கிடையாது என்று புதுச் சட்டம் வந்ததில் ஆந்திர எல்லையிலுள்ள பாலசமுத்திரம் ஏட்டு பச்சையப்பன் மாட்டிக்கொண்டார். ஓய்வுக்கு முன்னால் தோளில் ஒரு நட்சத்திரம் ஏறியாக வேண்டும். மனைவி தேவயானி அதைத் தங்கச்சி வீடுவரைக்கும் சொல்லிவைத்துவிட்டாள்.

திருப்பதிப் பயிற்சி மைதானத்தில் கடைசித் தேர்வு. சண்டை போடுகிறவர்களை லத்தி எடுக்காமல், கெட்ட வார்த்தை பேசாமல், கை வைக்காமல் அடக்க வேண்டும். இத்தனை வருஷமும் அந்த மூன்றை வைத்துத்தான் அவர் அடக்கியிருந்தார்.

பயிற்சி கொடுத்த ஹரிப்ரியா மேடம் விசாகப்பட்டினத்துக்காரர், தமிழ் தெரியாது. விவசாயிகளாக நடித்து வரப்புத் தகராறு செய்யச் சொல்லி இரண்டு கான்ஸ்டபிள்களை எழுப்பிவிட்டார். கோவர்த்தனனும் பரணியும் விஜயபுரத்தில் பக்கத்துப் பக்கத்துக் கழனிக்காரர்கள் என்பது அவருக்கு எப்படித் தெரியும்?

தெலுங்கில் சிரித்துக்கொண்டே ஆரம்பித்தவர்கள் சீக்கிரமே தமிழுக்கு வந்துவிட்டார்கள்.

"உன் எருமை என் வேர்க்கல்லய துன்னுச்சா இல்லியா, அத சொல்லுடா," என்றான் கோவர்த்தனன்.

"வேலி போட வக்கில்ல, உனக்கு வேர்க்கல்ல ஒரு கேடா?" என்றான் பரணி.

ஒருவன் சொன்னதை அப்படியே திருப்பிச் சொல்லிப் புரியவைக்க வேண்டும் என்பது பாடம். பச்சையப்பன் பாடப்படியே போனார்.

"அதாவது கோவர்த்தனா, உனக்கு வேலி போட வக்கில்லன்னு பரணி வருத்தப்படறான்."

பரணியின் சட்டை கோவர்த்தனன் கைக்குப் போனது. ஏட்டின் கையும் பழக்கத்தில் எழுந்தது. நட்சத்திரம் ஞாபகம் வந்து, கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நடுவில் நுழைந்தார். கோவர்த்தனன் விட்ட அறை அவர் கன்னத்தில் இறங்கியது.

"ஏட்டய்யா, உங்கள இல்லய்யா," என்று இருவரும் காலில் விழாத குறை.

மேடம் கைதட்டினார். அடி வாங்கியும் கை ஓங்கவில்லை, நடிப்பும் தத்ரூபம். நாளைக் காலை பெரிய அதிகாரி வருகிறார், இதையே அவர் முன்னால் செய்துகாட்டினால் பாஸ் என்றார்.

சாயங்காலம் மெஸ்ஸில் இருவரும் ஒட்டி உட்கார்ந்திருந்தார்கள்.

"எருமைய கட்டிப் போட்டுடறேன் மச்சான்," என்றான் பரணி. கோவர்த்தனன் தன் முட்டையை எடுத்து அவன் தட்டில் வைத்தான்.

இவர்கள் ராசியாகிவிட்டால் நாளைக் காலை பச்சையப்பன் யாரை அடக்கிக் காட்டுவது? தட்டைத் தூக்கிக்கொண்டு போய் எதிரில் உட்கார்ந்தார்.

"அது இருக்கட்டும் கோவர்த்தனா. நீ குளிக்கப் போனப்போ இவன் போன்ல பேசிக்கினு இருந்தான். பட்டினி கெடந்த எருமைன்றதால துன்னுச்சாம். இல்லன்னா உன் வேர்க்கல்லய மோந்துகூட பாக்காதாம்."

கோவர்த்தனன் முட்டையைத் திரும்ப எடுத்துக்கொண்டான்.