முப்பத்தாறு

“என் சம்சாரமும் கிட்டத்தட்ட உங்க உடம்புதான்” என்றார் அந்த மனிதர், கவுண்டர் கண்ணாடியைப் பார்த்தபடியே. பிரா என்ற சொல்லை வாயில் வைக்க அவருக்குக் கூச்சம். அவள் முப்பத்தாறை எடுத்து நீட்டினாள். உள்ளாடைப் பிரிவில் பதினொரு வருட விற்பனைக்காரி. தோளைப் பார்த்தே அளவு சொல்லிவிடுவாள். இந்த ஆளுக்காவது பெண்டாட்டியின் உடம்பு நினைவிருக்கிறதே என்று பொறாமையாக இருந்தது.

அவள் வீட்டுக்காரரும் வாங்கி வருவார், வருடத்துக்கு இரண்டு, வெள்ளை மட்டும். கல்யாணத்துக்கு முன் நாத்தனார் அளவு கேட்டபோது வெட்கத்தில் முப்பத்திரண்டு என்று வாய்க்கு வந்ததைச் சொல்லித் தொலைத்தாள். இரண்டு பிள்ளை பெற்ற பிறகும் அவர் வாங்கி வருவது அதே முப்பத்திரண்டுதான். ஒருமுறை தன் அளவில் கறுப்பு ஒன்று வாங்கிப் போனாள். கொடியில் காய்ந்ததை அவர் இரண்டு விரலால் தூக்கிப் பிடித்தார்.

“நான் வாங்கித் தர்றது பத்தலையா? யாருக்குக் காட்ட இது?”

உடம்பு பெருத்துவிட்டது என்று சொன்னால் அதற்கும் ஒரு கேள்வி வைத்திருப்பார். கறுப்பு அன்றோடு கடை லாக்கருக்குக் குடிபோனது. தினமும் காலையில் ட்ரையல் ரூமில் அதற்கு மாறுவாள். சாயங்காலம் வெள்ளைக்குள் திரும்ப நுழைந்து, வயிற்றை எக்கிக் கொக்கியை மாட்டிக்கொண்டு கிளம்புவாள். நைட்டி கவுண்டர் அக்காவுக்கு மட்டும் இது தெரியும்.

“மூச்சு விடக்கூட உனக்கு ட்யூட்டி நேரம்தான்டி” என்று சிரிப்பாள்.

இன்று நாலு மணிக்கே மின்சாரம் போய்விட்டது. ஜெனரேட்டரும் கைவிரித்ததும் மேனேஜர் எல்லோரையும் விரட்டி வெளியே அனுப்பி ஷட்டரை இறக்கினார். கிடைத்த பஸ்ஸில் ஏறிக் கம்பியைப் பிடித்து நின்றாள். உடம்பு என்னவோ இன்றைக்கு லேசாக இருக்கிறதே என்று நினைத்தாள். விலா வலிக்கவில்லை. மூச்சு அடிவயிறு வரை போய் வந்தது.

அப்போதுதான் உறைத்தது. வெள்ளை லாக்கரில் கிடந்தது.

இன்று அவருக்கு வார விடுமுறை, வீட்டில்தான் இருப்பார். மூன்று நிறுத்தங்கள் வரை ஒரு பொய்யும் வாய்க்கவில்லை. படியேறி மணியை அழுத்தினாள். உள்ளே செருப்புச் சத்தம் நெருங்கி வந்தது. கழுத்தோரம் எட்டிப் பார்த்த கறுப்புப் பட்டையின் மேல் கைப்பையின் வாரை இழுத்து விட்டுக்கொண்டு, பழக்கத்தில் வயிற்றை எக்கி, முப்பத்திரண்டுக்குள் அடங்குகிற அளவுக்கு மட்டும் மூச்சை வைத்துக்கொண்டு நின்றாள்.