பின்பக்கத்துத் தேதி

1

இது ஓர் அறிவிப்பாகப் பிறந்திருக்க வேண்டியது. எங்கள் கால்வாயில் படகுகளிலேயே குடியிருக்கும் நாற்பது குடும்பங்களுக்கு ஒரு செய்தி மடல் வருகிறது. அடுப்பிலிருந்து கசியும் விஷவாயுவை, அதாவது கார்பன் மோனாக்சைடை, உணர்ந்து கத்தும் அலாரத்தை மாட்டுவது எப்படி, பராமரிப்பது எப்படி, ஒரு பக்கத்துக்கு மிகாமல், குளிர் வருவதற்குள் வேண்டும் என்று என்னிடம் கேட்டார்கள். அறிவிப்பை இங்கே யாரும் படிப்பதில்லை. மடலைச் சுருட்டி அடுப்புப் பற்றவைக்கிறோம், நானும்தான். அதனால் கதையாக எழுதிவிடலாம் என்று நினைத்தேன்.

முதல் தொடக்கம்: "அந்த வாயுவுக்கு நிறமில்லை, மணமில்லை, மரணத்தைப் போலவே அதுவும்—"

(வேண்டாம். இப்படி எழுதுகிறவளிடம் நானே ஸ்பேனரைக்கூடக் கடன் கொடுக்கமாட்டேன்.)

இரண்டாம் தொடக்கம்: "ஒரு படகில் ஓர் அலாரம் இருந்தது. அது—"

(அது என்ன? சும்மா இருந்தது. அலாரத்தின் வேலையே பெரும்பாலும் அதுதான்.)

மூன்றாவதுக்கு ஆட்கள் தேவைப்பட்டார்கள். ஜன்னல் வழியே பார்த்தேன். பக்கத்துப் படகின் கூரையில் நெவில் விறகு அடுக்கிக்கொண்டிருந்தார்.

2

நெவிலும் அவர் மனைவி டாரீனும் எழுபதைத் தாண்டியவர்கள். பதினாறு வருடமாக என் பக்கத்துப் படகுக்காரர்கள். கதைக்கு நெவில் அளவெடுத்துச் செய்த மாதிரி இருந்தார். கூரையில் காளான் போல ஒரு காற்றுத் துளை இருக்கிறதல்லவா, குளிர் வந்தால் அதில் ஒரு சிவப்புக் கம்பளிக் காலுறையைத் திணித்துவிடுவார். நாலு வருடத்துக்கு ஒருமுறை படகுப் பாதுகாப்புப் பரிசோதகர் வரும் நாளன்று காலையில் அதை உருவுவார். அவர் தலை மறைந்ததும் மறுபடி திணிப்பார். படித்துச் சிரிக்கும் படகுக்காரர்களே, உங்கள் துளையில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். என்னுடையதில் ஒரு பழைய துண்டு இருந்தது.*

டாரீன் நேர் எதிர். ஞாயிறுதோறும் காலைத் தேநீருக்கு முன் அலாரத்தின் பொத்தானை அழுத்துவார். அது படகு அதிர வீறிடும். "உசுரோடதான் இருக்கு" என்பார். அக்டோபர் கடைசியில், குளிர்காலத்துக்காக நாடே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளும் ஞாயிறன்று பேட்டரியையும் மாற்றுவார்.

அவர்களுக்குப் பிக்கிள் என்று ஒரு நாய் இருந்தது. போன பிப்ரவரியில் அடுப்போரக் கூடையில் தூக்கத்திலேயே போய்விட்டது. பதினாலு வயது. கதையில் நாய்க்கு வேலையில்லை என்று எடுத்துவிட்டேன்.

ஆக, என் திட்டம் இது: டாரீன் நல்ல உதாரணம், நெவில் கெட்ட உதாரணம். உச்சத்தில் அலாரம் அலறும், நெவில் தலைகுனிவார். முடிந்தது வேலை.

* இப்போது இல்லை. கேட்பீர்கள் என்று தெரியும்.

3

சின்ன விவரம் ஒன்று மட்டும் குறைந்தது. டாரீனின் அந்தப் பழைய அலாரத்தின் பின்பக்கத்தில் என்ன அச்சிட்டிருக்கும்? இப்படி ஒன்றிரண்டைத் தூவினால் வாசகர் மீதியையும் நம்பிவிடுவார். கேட்டுவர அவர்கள் படகுக்குப் போனேன். அன்று கடிகாரம் மாற்றும் ஞாயிறு.

"வாங்க எழுத்தாளரம்மா," என்றார் நெவில், நெற்றியைத் தேய்த்துக்கொண்டே. "என்னைப் பத்தி எழுதுறீங்களாம். கொஞ்சம் முடி வச்சு எழுதுங்க."

"தலைவலியா?"

"அடுப்பு பத்தவச்ச நாள்லேருந்து. போன குளிர்லயும் இப்படித்தான். வெளிய நாலு எட்டு நடந்தா போயிடுது. எல்லாம் இவ போடுற டீ."

"ஆமா, நாப்பத்தெட்டு வருஷமா விஷம் வைக்கிறேன், மனுசன் அசையமாட்டேங்கிறாரு," என்ற டாரீன், நான் வந்த காரியத்தைக் கேட்டு, அலாரத்தைச் சுவரிலிருந்து கழற்றித் திருப்பி, மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். "பேட்டரி முன்பக்கம்தானே, இந்தப் பக்கம் பாத்ததே இல்ல. என்னமோ தேதி போட்டிருக்கு கண்ணு. 'இதுக்குள்ள மாத்தவும்'னு."

தேதி கடந்து இரண்டு வருடமும் நாலு மாதமும் ஆகியிருந்தது.

"ஆனா கத்துதே!" டாரீன் பொத்தானை அழுத்தினார். வீறிட்டது. "பாரு, கத்துது."

(மடலுக்கு வேண்டிய பத்தி உண்மையில் இதுதான். பொத்தான் பேட்டரியையும் ஒலியையும்தான் சோதிக்கிறது. வாயுவை உணரும் பாகத்துக்குத் தனி ஆயுள். அது முடிந்த பிறகு தொண்டை இருக்கும், மூக்கு இருக்காது.)

என் திட்டம் அங்கேயே படுத்துவிட்டது. உச்சத்தில் அலற வேண்டியது அலறாது. பிறகுதான் மற்றதெல்லாம் உறைத்தது: தலைவலி, வெளியே போனால் சரியாவது, சிவப்புக் காலுறை. பயந்துபோனேன். பயந்தது கதைக்காரி இல்லை, பக்கத்துப் படகுக்காரி.

"ரெண்டு பேரும் வெளிய வாங்க," என்றேன்.

"ஒரு தேதிக்காக நான் குளிர்ல நிக்கணுமா?" என்றார் நெவில்.

4

நெவில் எழுந்திருக்கவில்லை. மடலில் படம் வரைவதற்காக ஒரு புது அலாரம் வாங்கி வைத்திருந்தேன். ஓடிப்போய் எடுத்துவந்தேன். நெவில் திருப்புளியை என்னிடமிருந்து பிடுங்கி, முணுமுணுத்துக்கொண்டே அவரே மாட்டினார். அடுப்பிலிருந்து இரண்டு மீட்டர் தள்ளி, கூரைக்கு ஒரு சாண் கீழே, திரைச்சீலை மறைக்காத இடத்தில். அறிவிப்புக்கு வேண்டியது முழுக்க இந்த ஒரு வாக்கியத்தில் இருக்கிறது.

பொத்தானை அழுத்தினார். கத்தியது. "திருப்தியா?" என்று உட்கார்ந்தார்.

தேநீர் பாதி குடித்திருப்போம். யாரும் தொடாமலே அது கத்தியது. நாலு சத்தம், இடைவெளி, மறுபடி நாலு.

"புதுசு, அப்படித்தான் இருக்கும். பேட்டரி சரியில்ல."

"எந்திரி நெவில்," என்றார் டாரீன். குரல் உயரவேயில்லை. "என்னைய உன்னைத் தூக்க வைக்காத."

வீட்டுச் செருப்போடு கால்வாய்க் கரையில் நின்றோம். ஆம்புலன்ஸ் வந்தது. மருத்துவமனையில் இருவருக்கும் ரத்தம் எடுத்தார்கள், நெவிலுக்கு மாலை வரை ஆக்சிஜன் வைத்தார்கள். மறுநாள் வந்த அடுப்புக்காரர் புகைக்குழாயில் விரல் நீளத்துக்கு விரிசல் கண்டுபிடித்தார். யாரும் சொல்லாமலே நெவில் கூரையேறிக் காலுறையை உருவினார்.

5

இங்கே நிறுத்தலாம். எல்லாரும் உயிரோடு இருக்கிறார்கள், தேதியைப் பார்க்கச் சொல்லியாயிற்று, மடலுக்கு இது போதும்.

ஆனால் காலுறையோடு நெவில் கூரையிலிருந்து இறங்கியபோது நானும் டாரீனும் கரையில்தான் நின்றுகொண்டிருந்தோம்.

"அப்ப இத்தன ஞாயித்துக்கிழமையும் நான் எதைக் கேட்டுக்கிட்டிருந்தேன்?" என்றார் டாரீன். நான் பதில் சொல்வதற்குள், "கண்ணு, பிக்கிளுக்கு வயசாயிடுச்சுதானே?" என்றார்.

நெவில் காலுறையைச் சட்டைப் பைக்குள் திணித்தார்.

ஒரு முடிவு: வயதுதான். கால்நடை மருத்துவர் அப்படித்தான் சொன்னார். பதினாலு வயது அந்த ஜாதிக்கு நல்ல ஆயுள்.

இன்னொரு முடிவு: கூடை அடுப்பிலிருந்து ஓரடியில் இருந்தது. நெவில் வெளியே நடந்து தலைவலியைப் போக்கிக்கொள்கிறவர், பிக்கிள் கிழம், நாள் முழுக்க அங்கேயே—

(முடிக்கவில்லை. தெரியாததை எழுதுவது என் தொழில். இதை மட்டும் எழுத முடியவில்லை.)

நேற்று டாரீன் வந்து இதுவரை படித்தார். கூடவே நெவில்.

"உள்ளத உள்ளபடி எழுதுங்கம்மா. சாக்ஸையும் சேத்து," என்றார் நெவில்.

"எது உள்ளபடி?" என்றார் டாரீன்.

நாயை மறுபடி கதைக்குள் சேர்த்துவிட்டேன். மடல் நாளை அச்சுக்குப் போகிறது. கடைசி வரியைக் காலியாக விட்டிருக்கிறேன், நீங்கள்தான் நிரப்ப வேண்டும். அதற்கு முன்னால் எழுந்துபோய் உங்கள் சுவரில் இருப்பதைக் கழற்றிப் பின்பக்கம் திருப்பிப் பாருங்கள். பிறகு வந்து எழுதுங்கள். டாரீன் படிப்பார்.

பிக்கிள் செத்துப்போனது ……………………