ஆரஞ்சு முனை

வெர்னா ஹாஸ்கெட் எங்கள் துப்பாக்கிக் கடைக்கு வந்தபோது, கென்டக்கி மலைப்பக்கத்துப் பிப்ரவரிப் பனி தெருவோரம் கறுத்துக் கிடந்தது. எங்கள் வட்டாரத்துப் பள்ளிப் பேருந்தை ஓட்டியவர் அவர். நானும் அதில் போய்வந்தவன்தான்; அப்போதிருந்தே எங்களுக்கெல்லாம் அவர் 'மிஸ் வெர்னா'. மகள் ட்ரெஸா வண்டியில் கொண்டுவந்து இறக்கிவிட்டு உள்ளே வராமல் உட்கார்ந்திருந்தாள். அவள் மணிக்கட்டில் கட்டு.

வெர்னா கைப்பையிலிருந்து உள்ளங்கைக்குள் அடங்கும் ரிவால்வர் ஒன்றை எடுத்து வைத்தார். இறந்துபோன கணவருடையது.

"நுனி எங்க இருக்குன்னே தெரியலடா ஓடெல். கறுப்புல கறுப்பு."

குழலின் நுனியில் குறி பார்ப்பதற்காக நிற்கும் சின்ன மேட்டைச் சொன்னார். வயதானவர்கள் எல்லோரும் சொல்வதுதான்.

"கலர் அடிச்சுத் தரேன் மிஸ் வெர்னா. எதுக்கு இப்போ திடீர்னு?"

"ராய்ஸுக்குத்தான். வேற எதுக்கு?"

ராய்ஸ் அவருடைய மருமகன். ட்ரெஸாவின் கையை உடைத்தவன். அவளை நெருங்கக் கூடாது என்று நீதிமன்றம் உத்தரவு போட்டிருந்தது.

குண்டுகளை எடுத்துவிட்டு, முனையில் எண்ணெய்ப் பிசுக்குப் போகத் துடைத்தேன். முதலில் வெள்ளை பூசினேன். வெள்ளை இல்லாவிட்டால் மேலே பூசும் நிறம் மங்கிவிடும். அது காய்ந்ததும் சாலைப் பணியாளர் சட்டையில் இருக்குமே, அந்த ஆரஞ்சு. கடைக்குப் பின்னால் மண்மேட்டில் ஒரு காகிதத் தட்டைக் குத்திவைத்து அவரை நிற்கவைத்தேன்.

"தெரியுதா?"

"சிகரெட் கங்கு மாதிரி பளிச்சுனு தெரியுது." அன்றைக்கு அவர் சிரித்தது அப்போதுதான். பிறகு நீட்டிய கையோடு நின்றுகொண்டே இருந்தார். "தட்டை எங்கடா வச்ச?"

சும்மா கல்லை வீசினாலே படுகிற தூரத்தில்தான் தட்டு இருந்தது.

"கண் டாக்டர் என்ன சொன்னார்?"

"ஓரம் மிச்சமிருக்காம். நடுவுலதான் அரிச்சிட்டே போகுதாம். மருந்து கிடையாது."

"அப்போ இது உங்ககிட்ட இருக்கறது சரியில்ல."

"ஷெரிப் ஆபீஸ் போலீஸ் வண்டி எங்க மலைப் பள்ளத்துக்கு வர்றதுக்குள்ள, அடுப்புல வச்ச சோளரொட்டி வெந்து ஆறிடும். வேற வழி இருந்தா நீயே சொல்லு."

ரிவால்வரை வாங்கிக் குண்டுகளைப் போட்டுத் திருப்பிக் கொடுத்தேன். அவர் சுட்டார். தட்டுக்கு வெகுதூரம் தள்ளி மண் தெறித்தது. "என் கையில துப்பாக்கி இருக்குன்னு அவனுக்குத் தெரியும்டா. அது போதும்," என்றார்.

ஏப்ரலில் ஒரு பிற்பகல், அம்மா வீட்டிலேயே தங்கியிருந்த ட்ரெஸா கொல்லையில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். வெர்னா முன்வாசலில் இருந்தார். ஒரு வண்டி வந்து நின்றது. ராய்ஸின் வண்டிச் சத்தம் அவருக்குத் தெரியும், இது அதுவல்ல. யாரோ இறங்கி நடந்துவந்தார்கள். உடம்பு இருந்தது, தொப்பி இருந்தது. முகம் இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு கறை.

"யாரது?"

பதில் இல்லை. வெர்னா ரிவால்வரை எடுத்து நீட்டினார். ஆரஞ்சு முனை அந்த மார்பின்மேல் துல்லியமாக நின்றது. அந்த வாரம் புல் வெட்ட வருவதாகப் பாஸ்டரின் மகன் சொல்லியிருந்தான். காது சரியாகக் கேட்காத பையன்.

"யாருன்னு சொல்லு. சுட்டுருவேன்."

காலடி நிற்கவில்லை. அந்த உருவம் படியேறி வந்து அவர் கையிலிருந்து ரிவால்வரை மெதுவாக, குழந்தையிடமிருந்து கத்தரிக்கோலை வாங்குவதுபோல வாங்கிக்கொண்டது. அதற்குப் பிறகுதான் ராய்ஸ் பேசினான்.

"கலர் நல்லாருக்கு அத்தை. யாரு அடிச்சது?"

ட்ரெஸா கொல்லையிலிருந்து வந்தாள். அம்மாவையும் அவன் கையில் இருந்ததையும் பார்த்தாள். "அம்மாவை விடு, நான் வரேன்," என்றாள். காலணிகூடப் போடாமல் போய் வண்டியில் ஏறினாள். குண்டுகளைப் புல்லில் கொட்டிவிட்டு, ரிவால்வரை வாசல் கைப்பிடிச் சுவரில் வைத்துவிட்டுப் போனான் ராய்ஸ்.

இதையெல்லாம் மறுநாள் வெர்னாவே என்னிடம் சொன்னார். "வாயைத் திறந்திருந்தா சுட்டிருப்பேன்டா. அது அவனுக்குத் தெரிஞ்சிருக்கு."

ஷெரிப்பின் ஆள் ராய்ஸ் வீட்டுக்குப் போய் விசாரித்தான். கதவைத் திறந்த ட்ரெஸா, தானாகத்தான் வந்ததாகச் சொன்னாள். உத்தரவையும் ரத்து செய்யும்படி நீதிமன்றத்தில் கேட்கப்போவதாகச் சொன்னாள். ராய்ஸ் அவள் பின்னாலேயே நின்றானாம்.

அதன்பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் மளிகை வாங்கிக்கொண்டு வெர்னா வீட்டுக்குப் போய்வந்தேன். ஜூலையில் தபால்காரர் ஒரு சேதி சொன்னார். ராய்ஸும் ட்ரெஸாவும் பக்கத்து மாநிலம் டென்னஸி பக்கம் குடிபோய்விட்டார்களாம். எந்த ஊர் என்று அவருக்கும் தெரியவில்லை.

நான் போய்ச் சொன்னபோது வெர்னா பீன்ஸ் நார் உரித்துக்கொண்டிருந்தார். பார்வை தேவைப்படாத வேலை. கை நிற்கவில்லை.

"அந்தப் பக்கம் மழையெல்லாம் பெய்யுதாமா?" என்று கேட்டார்.

"தெரியல மிஸ் வெர்னா," என்றேன்.