காலி நடை

பழைய வண்டிக் கிடங்கில் அன்று நின்ற மூன்று பிக்கப் வண்டிகளின் பின்தொட்டித் தரையிலும் ஒரு துரும்புகூட இல்லை. ஆனால் எடைமேடையில் ஏற்றியபோது முதல் வண்டியில் நானூற்றுப் பத்து கிலோவும், இரண்டாவதில் பதினெட்டு கிலோவும், மூன்றாவதில் இருநூற்று எண்பத்தாறு கிலோவும் சுமை இருந்தது. எடைமேடை அம்மா மூன்று சீட்டுகளையும் கிழித்துக் கொடுத்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து ஸ்வெட்டர் பின்னத் தொடங்கினார். எங்கள் ஊரில் இது யாருக்கும் புதிதல்ல. சுமையை இறக்கியதும் வண்டி அதை மறந்துவிடுவதில்லை. ஏற்றிய இடத்துக்குக் காலியாகத் திரும்பும்போதுதான் மறக்கிறது. அதற்குக் காலி நடை என்று பெயர். காலி நடை போகும் முன்பே வண்டி நின்றுவிட்டால் கடைசிச் சுமையின் கனம் அதிலேயே தங்கிவிடும். இன்னொரு வண்டியில் கட்டி இழுத்துப் போனால் அது நடையில் சேராது. தன் காலால் ஓட வேண்டும். தொட்டித் தரையில் ஒரு தீப்பெட்டி கிடந்தாலும் அது காலி நடை இல்லை; கொக்கியில் தொங்குவது மட்டும் கணக்கில் சேராது. ஓட்டுநர் உரிமம் வாங்கப் போகிறவர்களுக்கு இதையும் சொல்லிக் கொடுத்துத்தான் அனுப்புவார்கள்.

வண்டி பார்க்க வந்தவர் ஒரு சர்வேயர். வயது முப்பத்து மூன்று. மனைவி இறந்து பதினோரு மாதம் ஆகியிருந்தது. முக்காலி, அளவுகோல், முளைக்குச்சிகள் எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு தினமும் நாற்பது கிலோமீட்டர் போய் வரும் வேலை. புது வண்டிகளின் விளக்குகள் முறைத்துப் பார்ப்பதுபோல் இருக்கின்றன, வட்ட விளக்கு வைத்த பழைய வண்டி ஒன்றைச் சரிசெய்து தினசரி ஓட்டப் போகிறேன் என்று அலுவலகத்தில் சொல்லியிருந்தார். அந்த வருடத்தில் அவர் பேசிய மிக நீளமான வாக்கியம் அதுதான் என்று அலுவலகத்தார் சொல்வார்கள்.

கிடங்குக்காரர் ஒவ்வொரு வண்டியாகக் காட்டினார். நீல வண்டியின் கடைசிச் சுமை தண்ணீர். "பிரேக் அடிச்சு வண்டி நின்ன பெறகு, பின்னால இருந்து ஒரு தள்ளு தள்ளும் சார். கொஞ்ச நாள்ல பழகிடும். கல்யாணம் பண்ணிக்கிட்ட மாதிரிதான்" என்றவர், யாரிடம் சொல்கிறோம் என்று உறைத்ததும் இல்லாத தூசியை மட்கார்டிலிருந்து துடைத்தார். பச்சை வண்டி பஞ்சு மெத்தை ஏற்றியது. அடித்தகட்டில் துருவில்லை, எஞ்சின் கைப்பிடி சுற்றினால் சுழன்றது, பதினெட்டு கிலோ என்பது ஒரு பெட்டிச் சாமான் கனம்தான். கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம், பூ மாதிரி ஓடும் என்றார். சர்வேயரும் அதைத்தான் எடுப்பதாக இருந்தார். இருக்கையில் உட்கார்ந்து பார்த்தார், கிளட்சை மிதித்துப் பார்த்தார், கண்ணாடியை ஏற்றி இறக்கினார். பிறகு வெளியே வந்து மூன்றாவது வண்டியைச் சுற்றி நடந்தார்.

"அத ஏன் பாக்குறீங்க? குடும்பம் ஏறின வண்டி சார். எஞ்சின் பிடிச்சுக் கெடக்கு, தரையெல்லாம் சல்லடை. இடது பக்கம் வேற சாஞ்சு நிக்குது பாருங்க, மூக்கடைச்சவன் படுத்த மாதிரி."

வெளிர் மஞ்சள் நிறம். பின்தொட்டியின் தரையில் தையல் மெஷினின் இரும்புக் கால் இழுபட்ட இரண்டு கோடுகள் இருந்தன. இடது ஓரத்துக் கொக்கியில், துணி போர்த்திய ஒரு ரப்பர் வளையம், கூந்தலில் போடுவது, வெயிலில் வெளுத்துத் தொங்கியது. சர்வேயர் அதைத் தொடவில்லை. இருநூற்று எண்பத்தாறு என்ற சீட்டை மட்டும் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, இரண்டு நாளில் சொல்வதாகக் கூறிவிட்டுப் போனார்.

ஆறு வருடங்களுக்கு முன்பு அந்த வண்டியில்தான் அவரும் மனைவியும் வீடு மாறினார்கள். திருமணமாகி ஐந்து மாதம் அவளுடைய அப்பா வீட்டு மாடியில் இருந்துவிட்டு, ஊரின் மறுகோடியில் வாடகைக்கு வீடு பிடித்திருந்தார்கள். முதலில் பீரோ ஏறியது, பிறகு கட்டில், பிறகு தையல் மெஷின், புத்தகப் பெட்டிகள், பாத்திர மூட்டை. ஆளுயரக் கண்ணாடி மிஞ்சியது. ஓட்டுநர் கயிறு கட்டிவிடலாம் என்றார். "கயிறு வேற, கை வேறண்ணே" என்று சொல்லிவிட்டு அவள் பின்னால் ஏறி இடது ஓரமாக உட்கார்ந்துகொண்டாள். அவளுடைய அப்பா கண்ணாடியைத் தூக்கி அவள் மடியில் கொடுத்தார். வண்டி போகப் போக, கண்ணாடியில் பட்ட வெயில் தெருவின் சுவர்களில் ஒரு பாய் அளவுக்கு ஓடியது. திருப்பத்தில் அது மறையும் வரை அவர் வாசலில் நின்றார். சர்வேயர் முன்னால் ஓட்டுநர் பக்கத்தில் இருந்தார். பீரோ பின்கண்ணாடியை மறைத்திருந்ததால் அந்த வழி முழுக்க அவளை அவர் பார்க்கவில்லை. புது வீட்டு வாசலில் சாமான்களை இறக்கி முடித்ததும் எஞ்சின் ஒருமுறை இருமி நின்றது. நான்கு மாதம் அங்கேயே கிடந்தது. அவள் அதன் மேல் தலையணை உறைகளைக் காயப்போட்டாள். பிறகு யாரோ வந்து இழுத்துப் போனார்கள்.

வீட்டுக்குப் போன சர்வேயர் ஒரு தொங்கு தராசை இரவல் வாங்கி, உத்தரத்தில் மாட்டி, அன்று ஏறிய சாமான்களை ஒவ்வொன்றாக எடை போட்டார். பிற்பாடு வாங்கிய புத்தகங்களையும் பாத்திரங்களையும் ஒதுக்கினார். பீரோவிலிருந்த அவளுடைய துணிகளை எடுத்துக் கட்டிலில் வைத்தார். பீரோவைத் தூக்க அண்டை வீட்டுக்காரர்கள் இரண்டு பேர் வந்தார்கள். அவர்கள் போன பிறகு துணிகளை அதே வரிசையில் திரும்ப அடுக்கினார். பீரோ தொண்ணூற்று இரண்டு, கட்டில் அறுபத்தொன்று, தையல் மெஷின் முப்பத்து நாலு, புத்தகம் இருபத்து மூன்று, பாத்திரம் பதினாறு, கண்ணாடி ஆறு. மொத்தம் இருநூற்று முப்பத்திரண்டு. சீட்டில் இருந்தது இருநூற்று எண்பத்தாறு. மிச்சம் ஐம்பத்து நாலு.

மருத்துவமனையில் அவளைக் கடைசியாக எடை பார்த்தபோது முப்பத்தெட்டு என்று எழுதியிருந்தார்கள். அந்தக் காகிதம் மேசை இழுப்பறையில் இருந்தது. சர்வேயர் இரண்டு காகிதங்களையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கிடங்குக்குப் போய் மஞ்சள் வண்டி என்றார்.

வண்டி சைலன்சர் என்பவரின் பட்டறைக்குப் போனது. ஓயாமல் பேசுவதால் மெக்கானிக்குக்கு அந்தப் பெயர் வைத்தவர்கள் ஊரில் இன்னும் நாலைந்து பேர் இருக்கிறார்கள். "ஓட்டவா, காட்டவா?" என்பதுதான் பழைய வண்டி கொண்டுவரும் யாரிடமும் அவருடைய முதல் கேள்வி. காட்டத்தான் என்றால் வெளிப்பூச்சிலிருந்து தொடங்குவார். ஓட்டத்தான் என்றால் பிரேக்கிலிருந்து. சர்வேயர் ஓட்ட என்றார். பிஸ்டன்களை ஒன்பது நாள் டீசலில் ஊற வைத்தார்கள். துருப்பிடித்த தரையை அறுத்து அதே கனத்தில் புதுத் தகடு பற்றவைத்தார்கள். வயரிங் முழுவதையும் உருவி மாற்றினார்கள். விளக்கு வளையங்கள் கிடைக்காமல், அலுமினியச் சட்டி ஒன்றிலிருந்து வெட்டிச் செய்தார்கள். இடப்பக்க ஸ்பிரிங்கில் ஒரு தகடு கூடுதலாகச் சொருகி வண்டியை நிமிர்த்திவிடலாம் என்று சைலன்சர் சொன்னபோது மட்டும் சர்வேயர் வேண்டாம் என்றார்.

"சாஞ்சே ஓடுமே சார்?"

"ஓடட்டும்."

நான்கு மாதமும் வேலை முடிந்ததும் அவர் நேராகப் பட்டறைக்கு வந்து டார்ச் பிடித்துக்கொண்டு நிற்பார். பேசமாட்டார். ஒரே ஒரு நாள், கொக்கியைச் சாணை பிடிக்கப் போனவரிடம் அந்த ரப்பர் வளையத்தைக் கழற்ற வேண்டாம் என்று சொல்ல வந்து, வீடு மாறிய கதையையும் சொல்லிவிட்டார். எந்தத் தெரு, எந்த வாசல், எது முதலில் ஏறியது, கடைசியில் யார் ஏறினார்கள் எல்லாம் சொன்னார். அந்தப் பதினோரு மாதமும் நான்கு மாதமும் சேர்த்து அவர் செய்த ஒரே தவறு அதுதான். ஏனென்றால் எங்கள் ஊர்ப் பட்டறைகளில் பழைய வண்டிக்கு ஒரு வழக்கம் உண்டு. எல்லா வேலையும் முடிந்த பிறகு, உரிமையாளரிடம் ஒப்படைக்கும் முன், கடைசியாகச் சுமை ஏற்றிய இடத்துக்கு மெக்கானிக்கே ஒரு காலி நடை போய்க் கனத்தை இறக்கிவிடுவார். அதற்குக் கூலி கிடையாது. குளித்த பிள்ளைக்குத் தலை துவட்டிவிடுவது போல ஒரு மரியாதை. சர்வேயர் முகவரி சொன்னது அதற்காகத்தான் என்று சைலன்சர் எடுத்துக்கொண்டார்.

அந்த வாசலுக்குச் சர்வேயரே ஒரு வருடத்துக்கு மேலாகப் போகவில்லை. மாமனாரோடு சண்டை எதுவும் இல்லை. இவர் போனால் அவருக்கு அவள் ஞாபகம் வரும் என்று இவரும், அவர் வந்தால் இவருக்கு வரும் என்று அவரும் இருந்தார்கள். ஞாபகம் யாரையும் கேட்டுக்கொண்டு வருவதில்லை என்பது இருவருக்கும் தெரிந்துதான் இருந்தது.

ஞாயிறு மதியம் வண்டியை எடுக்கப் போன சர்வேயர் பட்டறை வாசலிலேயே நின்றுவிட்டார். வண்டி உயர்ந்து நின்றது, இடப்பக்கச் சாய்வு கொஞ்சம்தான் மிச்சம் இருந்தது. மட்டப் பலகை வைத்துப் பார்க்காமலே அவருக்கு மட்டம் தெரியும், அது தொழில். கனம் எங்கே போச்சு என்று கேட்டார். சைலன்சர் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். முகத்தில் வழக்கமான களை இல்லை.

"சார், நல்லதுன்னு நெனச்சுத்தான் போனேன். அந்த வாசல்ல போய் நிறுத்தினதும் ஒவ்வொண்ணா எறங்க ஆரம்பிச்சுது. ஏறின வரிசைலயேதான். பீரோ போச்சு, வண்டி இவ்வளவு எழும்பிச்சு. கட்டில், மெஷினு, பொட்டி. பாத்திர மூட்டை போற நேரம் பெரியவர் ஒருத்தர் உள்ளேர்ந்து ஓடி வந்தாரு. செருப்புகூட இல்ல. வண்டிய ஒரு பார்வ பாத்தாரு. மதில் ஓரத்துல கெடந்த ஒரு செங்கலத் தூக்கி தொட்டிக்குள்ள போட்டுட்டாரு."

சர்வேயர் தொட்டிப் பக்கம் போனார். சைலன்சர் தொடர்ந்தார். "'காலியா போகாதப்பா'ன்னாரு. அவ்வளவுதான். அப்புறம் எதுவும் எறங்கல. நான் மெதுவா ஓட்டிட்டு வந்துட்டேன்."

பின்தொட்டியின் நடுவில், புதுப் பூச்சின் மேல், ஓரம் உடைந்த ஒரு செங்கல் இருந்தது. சர்வேயர் வண்டியை எடைமேடைக்கு ஓட்டிப் போனார். எடைமேடை அம்மா ஸ்வெட்டரை முடித்துவிட்டு அதே நூலில் ஒரு குல்லாய் தொடங்கியிருந்தார். ஓட்டுகிறவர் இறங்கி நிற்க வேண்டும் என்றார். இறங்கி நின்றார். "வெறும் வண்டிக்கு மேல அறுபத்து நாலு" என்று சொல்லிச் சீட்டைக் கிழித்தார். அவள் ஐம்பத்து நாலு, கண்ணாடி ஆறு, செங்கல் மூன்று. மீதி ஒரு கிலோ எடைமேடையின் பிழை. அது ஒற்றைப்படை காட்டாது. சர்வேயர் அங்கேயே, ஏறும் சரிவில், சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். பின்னால் இரண்டு லாரிகள் காத்து நின்றன. ஹாரன் அடிக்கப் போன ஓட்டுநரை எடைமேடை அம்மா விரலை உயர்த்தி நிறுத்தினார். பதினைந்து மாதமாக அழாதவர் எவ்வளவு நேரம் அழுவார் என்பதற்கு அந்த அம்மாவிடம் ஏதோ கணக்கு இருந்திருக்க வேண்டும். சரியாக ஒரு வரிசை பின்னி முடித்ததும், "தம்பி, வண்டிய ஓரமா விடுங்க" என்றார்.

அங்கிருந்து சர்வேயர் நேராக மாமனார் வீட்டுக்குப் போனார். மாமனார் வாசலில்தான் இருந்தார். வண்டியின் பின்பக்கம் எட்டிப் பார்த்துச் செங்கல் இருப்பதை உறுதி செய்துகொண்ட பிறகுதான் வாங்க மாப்பிள்ளை என்றார்.

"அன்னைக்கே சொன்னேன் மாப்பிள்ள, கண்ணாடிய நாளைக்கு எடுத்துக்கலாம்னு. கேட்டாளா அவ."

"கேக்கமாட்டா மாமா."

"பிடிவாதம். அவங்க அம்மா மாதிரி."

"உங்கள மாதிரின்னு உங்க பொண்ணு சொல்லுவா."

மாமனார் சிரித்துவிட்டு உள்ளே போய்க் காபி போட்டார். சர்க்கரை போட மறந்துவிட்டார். இருவரும் அதைச் சொல்லாமல் குடித்தார்கள்.

இதெல்லாம் நடந்து ஒன்பது வருடம் ஆகிறது. வண்டி தினமும் ஓடுகிறது. மழைக்காலத்தில் ஒரு கிளட்ச், நடுவில் ஒரு ரேடியேட்டர், எட்டு மாதத்துக்கு ஒருமுறை இடது பின் டயர். டயர்க் கடைக்காரர் காரணம் கேட்பதில்லை. தகுதிச் சான்று கொடுக்கும் அதிகாரி, முதல் வருடம் பயணி ஒருவர் என்று எழுதுவதா, சரக்கு என்று எழுதுவதா என யோசித்துவிட்டு, செங்கல் ஒன்று என்று எழுதினார். இன்றுவரை அப்படியே புதுப்பிக்கிறார்கள். வேகத்தடை வந்தால் சர்வேயர் மற்றவர்களைவிட மெதுவாக ஏறி இறங்குவார். பின்னால் வருகிறவர்கள் முதலில் திட்டினார்கள், பிறகு அவர்களும் மெதுவாக ஏறப் பழகிக்கொண்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் மாமனார் வீட்டுக்குப் போகிறார். பீரோ இல்லாததால் இப்போது பின்கண்ணாடியில் தொட்டி முழுவதும் தெரிகிறது. வழியெல்லாம் பார்த்துக்கொண்டே போவார். பின்தொட்டியில் செங்கலையும் இடது ஓரத்து ரப்பர் வளையத்தையும் தவிர எதுவும் இல்லை. ஆனால் நல்ல வெயில் அடிக்கும் நாட்களில், அந்தத் தெருவின் திருப்பத்தில் வண்டி நுழையும்போது, ஒரு பாய் அளவு வெளிச்சம் வண்டிக்கு முன்னால் சுவர்களில் ஓடி வருகிறது. காய்கறி வாங்குகிறவர்கள் முகத்தில் பட்டால் கையால் மறைத்துக்கொண்டு பேரம் பேசுவார்கள். மாமனாருக்கு இப்போது காது மந்தம், வண்டிச் சத்தம் கேட்பதில்லை. உள்சுவரில் வெளிச்சம் விழுந்ததும் எழுந்து போய் அடுப்பில் பாலை வைக்கிறார்.